ஊருக்கு வெளியே: திருச்சியின் சாலைகளும் தீயும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பாலக்கரையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து நடத்தியவர் என்று அழைப்பிதழிலிருந்து தெரிந்துகொண்டேன். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். லாரிக்காரர் வைத்த பணத்தில் பேசுகிறோம், சாலையைப் பற்றிப் பேசுவதுதான் முறை என்று தோன்றியது. சாலையைப் பற்றிப் படிக்கப் போனால் வழியெல்லாம் தீ குறுக்கிட்டது. நெடுஞ்சாலைகள் பெருகிய காலமும் பெரிய தொழிற்சாலைத் தீ விபத்துகளின் காலமும் பல ஊர்களில் ஒன்றாகவே இருக்கின்றன. திருச்சியை நடுவில் வைத்துக்கொண்டு அந்த உறவைப் பேசுகிறேன்.  

நம் நாட்டின் வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் விதிகள் 2008-இல் வந்தவை. அந்த விதிகளின் உயிர் அட்டவணைகளில்தான் இருக்கிறது. கிடங்கில் இத்தனை கிலோ சரக்கு இருந்தால் பக்கத்துக் கட்டடம் இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், குடியிருப்பு இத்தனை மீட்டர், பொதுச் சாலை இத்தனை மீட்டர் என்று வரிசையாக எண்கள். சரக்கு கூடக்கூட மீட்டரும் கூடும். வெடிபொருள் வெடிக்கவே வெடிக்காது என்று அந்த விதியை எழுதியவர் நம்பவில்லை. வெடித்தால் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றுதான் எழுதினார். மனிதத் தவறை முழுமையாகத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகத் தூரத்தைக் கேட்கும் சட்டம் அது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

நெடுஞ்சாலை போடுவதோ தூரத்தைக் குறைப்பதற்கு. அதற்கு வேறு நோக்கமே கிடையாது. ஒரே தாலுகாவில், ஒரே பத்தாண்டில், ஓர் அலுவலகம் தூரத்தை நம்பி உரிமம் கொடுக்கிறது, இன்னோர் அலுவலகம் தூரத்தைக் குறைக்க நிலம் எடுக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வருவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சியங்கள்.

மலைக்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1772-இல் அங்கே வெடிமருந்து வெடித்துப் பெரிய மண்டபம் ஒன்று அழிந்தது. கோட்டைக்குள் கோயில் இருந்தது, படை இருந்தது, கடைகளும் வீடுகளும் இருந்தன. வெடிமருந்தும் அவற்றோடுதான் இருந்தது. மதில் சூழ்ந்த நகரத்தில் எந்தப் பொருளுக்கும் தனி இடம் கிடையாது. அடுத்த நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். தூர்த்த இடத்தில் வந்த சாலைகளைத்தான் மேலப்புலிவார் ரோடு, கீழப்புலிவார் ரோடு என்று இன்றும் சொல்கிறோம். மெயின்கார்டு கேட் மட்டும் வாயில் என்ற பெயருக்கு மிஞ்சியது. இந்த ஊரில் நகரத்துக்குள் நடந்த முதல் பெரிய சாலைப் பணி என்று அதைச் சொல்லலாம். ஊர் மதிலைத் தாண்டியதும் ‘ஊருக்கு வெளியே’ என்ற ஓர் இடம் ஆவணங்களில் பிறந்தது. ஆபத்தானதையும் அழுக்கானதையும் பெரியதையும் அங்கே அனுப்பலாம் என்ற எண்ணமும் கூடவே பிறந்தது.

1928-இல் தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தபோது பொன்மலை ஊருக்கு வெளியே இருந்தது. 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் ஆலையும் அதையடுத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபோது அவையும் அப்படித்தான். பிறகு அவற்றுக்குத் துணையாகத் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன. பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாண மண்டபம். தஞ்சாவூர் சாலை நாலு வழியானபோது பால்பண்ணை முதல் துவாக்குடி வரை இடைவெளியில்லாத ஒரே ஊராக இருந்தது. வெளியே வைத்ததெல்லாம் உள்ளே வந்துவிட்டது. யாரும் எதையும் நகர்த்தவில்லை.

இது நம் ஊரின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு தீ விபத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதே கதை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

முதலாவது எல்லாரும் அறிந்தது. 1911 மார்ச் 25, நியூயார்க். டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் 8, 9, 10-ஆம் தளங்களில் இருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், புலம்பெயர்ந்து வந்தவர்கள். படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது தளம் வரைதான் எட்டியது. நிலம் விலையேறிய நகரத்தில் தொழிற்சாலை மேல்நோக்கி வளர்ந்திருந்தது, ஏணி வளரவில்லை.

இரண்டாவதை நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1953 ஆகஸ்ட் 12, டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய லிவோனியா. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கியர்பெட்டித் தொழிற்சாலை. டெட்ராய்ட் அப்போது நகரத்தின் குறுக்கே விரைவுச்சாலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தது. 1942-லேயே அங்கே டேவிசன் விரைவுச்சாலை பள்ளத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. சாலை வந்ததும் தொழிற்சாலைகள் மாடிக் கட்டடங்களைக் கைவிட்டுப் புறநகருக்குப் போயின. அங்கே நிலம் மலிவு. மாடி எதற்கு, ஒரே தளத்தில் விரித்துவிடலாம். லிவோனியா ஆலை ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழ 15 லட்சம் சதுர அடி. உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது, சுவர் இருந்தால் கன்வேயர் ஓடுவதற்கு இடைஞ்சல். வெல்டிங் தீப்பொறி ஒன்று, துருப்பிடிக்காமல் பூசும் திரவம் சொட்டி நின்ற தட்டில் விழுந்தது. கூரையின் தார் உருகித் தீயாகவே கீழே சொட்டியது. பாதுகாப்புப் பூச்சு இல்லாத இரும்புச் சட்டங்கள் சூட்டில் வளைந்து கூரையோடு விழுந்தன. தண்ணீர் தெளிப்பான்கள் ஆலையின் ஒரு சிறு பகுதியில்தான் இருந்தன. தீயணைப்பு வீரர்கள் சுற்றிலும் நின்று அடித்த தண்ணீர் கட்டடத்தின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவேயில்லை. சிலர் இறந்தார்கள். ஆலை முழுக்க அழிந்தது. தொழிற்சாலைக்குள் தீத்தடுப்புச் சுவர் வேண்டும், கூரையில் புகைபோக்கி வேண்டும், கூரைப் பொருளையே சோதிக்க வேண்டும் என்ற வாதங்கள் அதன்பிறகுதான் அங்கே வலுத்தன.

நியூயார்க்கில் ஏணி எட்டவில்லை. லிவோனியாவில் குழாய் எட்டவில்லை. நடுவில் இருந்தது நாற்பத்திரண்டு ஆண்டும் சாலையும். கட்டடத்தின் வடிவத்தையே சாலை மாற்றியது, வடிவம் மாறியதும் தீயின் குணமும் மாறியது. நாற்கரச் சாலை ஓரத்தில் இன்று எழும்பும் தகரக் கூரைக் கிடங்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லிவோனியா நினைவுக்கு வரும். ஆன்லைனில் வாங்கும் சாமான்களெல்லாம் அங்கேதான் படுத்திருக்கின்றன.

இனி, நம் மாவட்டத்தின் கதை. இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சாலை எதனால் ஆனது? தார் என்று சொல்வோம். தார் மேல்பூச்சுதான். சாலை கருங்கல்லால் ஆனது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்கரச் சாலையில் ஒரு பக்கம் இரண்டு தடமும் ஓரப்பட்டையும் சேர்ந்து 9 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 18 மீட்டர். ஜல்லியும் கிரஷர் தூளும் தார்க்கலவையும் சேர்ந்த கனம் அரை மீட்டர் என்று குறைத்தே வைப்போம். ஒரு கிலோமீட்டருக்கு 9,000 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 3,000 யூனிட்டுக்கு மேல். இறுக்கி உருட்டுவதற்கு முன்னால் இன்னும் கூடுதல். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 55 கிலோமீட்டர். அந்த ஒரு சாலைக்கே ஒன்றே முக்கால் லட்சம் யூனிட் ஆகிறது. பாலம், மேம்பாலம், சர்வீஸ் ரோடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இவ்வளவு கல்லையும் உளியால் உடைக்க முடியாது. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, தோட்டா இறக்கி, கேப் வைத்து வெடிக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் சாலைப் பணி சூடுபிடித்தால் குவாரிகள் சூடுபிடிக்கும், குவாரிகள் சூடுபிடித்தால் வெடிபொருள் ஆலைகள் சூடுபிடிக்கும். ஒப்பந்தப்புள்ளியில் ஜல்லியின் விலை இருக்கும். அந்த ஜல்லியைப் பாறையிலிருந்து பிரித்த மருந்தை எந்த ஊரில், யார் கையால் கலந்தார்கள் என்பது அதில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பார் ஒப்பந்ததாரர். வியாபாரக் கணக்கில் அவர் சொல்வது சரிதான்.

துறையூர் தாலுகா, உப்பிலியபுரம் பக்கம், பச்சைமலையின் அடிவாரப் பகுதியில் முருங்கப்பட்டி. மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வேறு பிழைப்பு. பாறைக்கு வைக்கும் வெடிபொருள் தயாரிக்கும் தனியார் ஆலை ஒன்று அந்த வட்டாரத்தில் இயங்கியது. 2016 டிசம்பர் 1, காலை நேரம். ஆலையின் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று வெடித்தது. கட்டடம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 20 பேர். அடையாளம் காட்ட உடல் என்று ஒன்று இல்லாததால், கிடைத்த பாகங்களை வைத்து மரபணுச் சோதனை செய்து இன்னார் இன்னார் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் ஆலையை மூடச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆலையைப் பற்றிய புகார்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிறந்தவை அல்ல.

இங்கே தூரத்துக்கு வருகிறேன். காகிதத்தில் பார்த்தால் முருங்கப்பட்டி சரியான இடம். மாவட்டத் தலைநகரிலிருந்து வெகுதூரம். அடர்ந்த குடியிருப்பு இல்லை. ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது நிறைவேற்றுகிறது. ஆனால் எந்த ஊருக்கு வெளியே? திருச்சிக்கு வெளியே. முருங்கப்பட்டிக்கு அது வெளியே இல்லை. ஆபத்தை நகரத்திலிருந்து தூக்கி எங்கே வைத்தாலும் அங்கே ஒரு கிராமம் இருக்கிறது. விவசாயம் கைவிட்ட ஆட்கள் அங்கே வேலைக்கு இருக்கிறார்கள். சட்டம் கேட்கும் தூரம் கட்டடத்துக்கும் வெளி ஆளுக்கும் நடுவில் உள்ளது. கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஆளுக்கு அந்தத் தூரம் பூஜ்யம். அவரைக் காப்பாற்ற வேண்டியது தூரம் அல்ல, மேற்பார்வை. எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு சரக்கு, எந்த வெப்பநிலையில் என்று அன்றாடம் எண்ணிப் பார்க்கிற மேற்பார்வை. தூரத்தைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மேற்பார்வை தளர்ந்துவிடுகிறது. வெகுதொலைவில் இருக்கும் ஆலைக்கு அதிகாரி போய்வருவதும் குறைவாகத்தான் இருக்கும். இது மனித இயல்பு.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது, ஆலை வரப்போகும் இடத்தை முன்கூட்டியே பரிசீலிக்கும் குழுவுக்கு 41ஏ பிரிவு வழிசெய்தது. நல்ல திருத்தம். ஆனால் அது ஆலை ஊரைத் தேடி வருவதைத்தான் பார்த்தது. சாலை ஆலையைத் தேடி வந்தால், சாலையோடு ஊரும் வந்தால், அதைப் பார்க்க யாரும் இல்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்கும்போது 3ஏ அறிவிக்கை வரும், பிறகு 3டி வரும். சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், நிலத்தின் வகை இருக்கும். தென்னை எத்தனை, கிணறு உண்டா இல்லையா என்று இழப்பீட்டுக்காக எண்ணுவார்கள். பக்கத்துச் சர்வே எண்ணில் என்ன சரக்குக்கு உரிமம் இருக்கிறது என்ற பத்தி அந்த அறிவிக்கையில் இல்லை.

திருச்சியில் நின்று தீயைப் பற்றிப் பேசுகிறவன் ஸ்ரீரங்கத்தைத் தாண்டிப் போக முடியாது. தொழிற்சாலைத் தீ என்ற என் தலைப்புக்குள் அது வராது, தெரியும். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ விளக்குக்குப் போன மின்சார வயரிலிருந்து தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீழே இறங்கும் வழி குறுகல், எல்லாரும் அதே வழியை நோக்கி ஓடினார்கள். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கேயும் கீற்று, அங்கேயும் குறுகிய படி. அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1997 ஜூன் 7-இல், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்திருந்தார்கள். மூன்றும் காவிரிப் படுகை ஊர்கள், ஒரே பேருந்துத் தடத்தில் இருப்பவை. ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை, இரண்டு தீக்கும் நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. ஒரு பாடம் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை இறக்கினோம். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை, செய்து முடித்துவிட்டோம். வெளியேறும் வழியின் அகலத்தை அதே வேகத்தில் அளந்தோமா என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த இரண்டு மண்டபங்களின் மாடிப்படியை நினைத்துப் பார்த்து நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பொருளைக் குற்றவாளியாக்குவது எளிது. கட்டட அமைப்பைக் கூண்டில் ஏற்றுவது கடினம், அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

மறுபடியும் சாலைக்கு வருகிறேன். இதுவரை ஆலையையும் சாலையையும் இரண்டாகப் பேசினேன். மூன்றாவதாக ஒன்று உண்டு, சாலையிலேயே ஓடுகிற ஆலை. எரிவாயு டேங்கரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். இதே சரக்கைத் தரையில் ஒரு தொட்டியில் வைத்திருந்தால் சுற்றிலும் வேலி, தூரம், தெளிப்பான், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் கேட்போம். சக்கரம் வைத்துவிட்டால் டீக்கடைக்குப் பத்தடியில் நிறுத்தலாம்.

2012 ஆகஸ்ட் 27 இரவு, கண்ணூருக்குப் பக்கத்தில் சாலா என்ற இடம். தேசிய நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் மோதி எரிவாயு டேங்கர் கவிழ்ந்தது. கசிந்த வாயு சாலையோர வீடுகள் வரை பரவிப் பற்றியது. ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள், பலர் தங்கள் வீட்டில் இருந்தவர்கள். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 5-இல் சிவகாசி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீ. அங்கே இறந்தவர்களில் பலர் தொழிலாளர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள், அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். சட்டம் கேட்ட தூரத்தை அவர்கள் கால்நடையாகக் கடந்து வந்தார்கள். பக்கத்து ஊரில் சத்தம் கேட்டால் ஓடத்தான் செய்வோம். ஓடாதவனை நாம் மனிதன் என்று சொல்வோமா?

2024 டிசம்பர் 20 விடியற்காலை, ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் எரிவாயு டேங்கர் ஒன்று யூ-டர்ன் எடுத்தது. எதிரே வந்த லாரி மோதி வாயு கசிந்து, வரிசையாக நின்ற பேருந்து, கார், லாரி எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. சுற்றுச்சாலையோடு சேரும் இணைப்புகள் முடியாமல் கிடந்ததால்தான் கனரக வண்டிகள் அந்த இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தன என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அதே ஜெய்ப்பூரில் 2009 அக்டோபர் 29-இல் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கு பற்றிப் பத்து நாளுக்கு மேல் எரிந்தது. கிடங்கைச் சுற்றித் தொழிற்பேட்டை வளர்ந்திருந்தது. ஒரே நகரம், ஒருமுறை ஊர் கிடங்கைத் தேடிப் போயிருந்தது, இன்னொருமுறை கிடங்கு ஊர்ச் சாலைக்கு வந்தது.

திண்டுக்கல் சாலைப் பக்கம் இனாம்குளத்தூரில் சமையல் எரிவாயு நிரப்பும் ஆலை இருக்கிறது. அங்கே வரும் டேங்கர்களும் அங்கிருந்து போகும் சிலிண்டர் லாரிகளும் நம் சாலைகளில்தான் ஓட வேண்டும். பால்பண்ணை–துவாக்குடி தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோடு வேண்டும் என்று குடியிருப்போர் கேட்கிறார்கள், நிலமெடுத்தால் கடை போய்விடும் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள், வழக்கும் மனுவும் மறியலுமாகப் பத்தாண்டுக்கு மேல் போய்விட்டது. மேம்பாலச் சாலை என்ற யோசனையும் நடுவில் வந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. இந்தச் சண்டையை வாகன நெரிசல், விபத்து, வியாபாரம் என்ற மூன்று கணக்கிலேதான் பேசுகிறோம், தீயின் கணக்கில் யாரும் பேசுவதில்லை. சர்வீஸ் ரோடு இல்லாத நாற்கரச் சாலையில், நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டறை எரிந்தால், இந்தப் பக்கம் வரும் தீயணைப்பு வண்டி அடுத்த இடைவெளி வரை போய்த் திரும்ப வேண்டும். எதிர்த்திசையில் வந்தால் ஏற்கெனவே எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள்களோடு முட்ட வேண்டும். சாலை தூரத்தைக் குறைத்தது காருக்கு. குறுக்கே போக வேண்டியவனுக்கு அது தூரத்தைக் கூட்டியிருக்கிறது.

சாலையை நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. தீக்காயம் பட்டவரைத் துறையூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ திருச்சி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் இந்தச் சாலைகளில்தான் ஓடுகிறது. உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் நரம்பு வழியாகத் திரவம் ஏறவில்லை என்றால் பிழைப்பது கடினம். அந்த மணி நேரங்களைச் சாலை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது. மறுக்கவே முடியாது.

அரியமங்கலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 47 ஏக்கருக்கு மேல் பரந்த மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு, தஞ்சாவூர் சாலையை ஒட்டியே. பல கோடைகளில் அது தானாகப் பற்றியது. குப்பை மேட்டுக்குள் மட்கும்போது சூடும் மீத்தேனும் சேர்கின்றன, மேலே தண்ணீர் அடித்தால் உள்ளே அணைவதில்லை. புகை சாலையை மூடும், முன்னால் போகும் வண்டி தெரியாது. அந்தக் கிடங்கும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே என்று சொல்லித் தேர்ந்தெடுத்த இடம்தான். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை பின்னர் தொடங்கியது, மேடும் குறைந்தது. தூரத்தைக் காட்டிச் சமாளிக்காமல் ஆபத்தின் அளவையே குறைத்த ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதால் அதைக் குறிப்பிடுகிறேன். வெடிபொருள் ஆலையிலும் இதே வழி உண்டு. ஒரு கட்டடத்தில் சேரும் சரக்கையும் ஆளையும் குறைத்தால், அட்டவணையில் உள்ள மீட்டருக்கு முன்பே உயிர் பிழைக்கும்.

இப்போது ஊர் தெற்கே நகர்கிறது. 2025 மே 9-இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தார்கள். அரைவட்டச் சுற்றுச்சாலை துவாக்குடியிலிருந்து நகரத்தின் தெற்குப் பக்கமாக வளைந்து வருகிறது. சுற்றுச்சாலையின் இருபுறமும் இன்று வயலும் பொட்டலும் ஏரிக்கரையும். பிளாட் போடும் கல் நட்டாயிற்று. கிடங்குகள் வரும், பட்டறைகள் வரும், டேங்கர்கள் இரவில் ஒதுங்கும் இடங்கள் தாமாகவே உருவாகும். சாலைக்கு முன்பே அங்கிருந்த குவாரிகளும் வெடிமருந்துக் கிடங்குகளும் எங்கே எங்கே என்பதை ஒரே வரைபடத்தில் குறித்து, அதன்மேல் சாலையைப் போட்டுப் பார்க்க இதுவே நேரம். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம் ஆலைப் பட்டியல் இருக்கிறது, வெடிபொருள் துறையிடம் உரிமப் பட்டியல் இருக்கிறது, கனிமவளத் துறையிடம் குவாரிப் பட்டியல் இருக்கிறது, நெடுஞ்சாலைத் துறையிடம் சர்வே எண்கள் இருக்கின்றன. நான்கும் கலெக்டர் ஆபீஸுக்கு வரும் காகிதங்களே. இங்கே உட்கார்ந்திருக்கும் புவியியல் துறை மாணவர்கள் இரண்டு பேர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது. செய்தால் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

வரைபடத்தில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன், தண்ணீர். லிவோனியாவில் வண்டிகள் வந்து நின்றும் தண்ணீர் நடுவுக்குப் போகவில்லை. நம் தீயணைப்பு வண்டி சுமந்து வரும் தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிறகு நிரப்ப வேண்டும். காவிரிக் கரையில் இருக்கிறோம் என்று பெருமைப்படுகிறோம், ஆனால் சுற்றுச்சாலை காவிரியிலிருந்து விலகி, மேட்டு நிலத்தில், ஏரிகளை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த ஏரிகளில் எதெதில் சித்திரை வைகாசியிலும் தண்ணீர் நிற்கும், எந்தக் கரை வரை வண்டி இறங்க முடியும், எங்கே சாலைத் தடுப்பு வழியை அடைத்திருக்கிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்றால், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் சொல்வது செலவு குறைவு.